எந்தக் குஞ்சு?

இடப்பெயர்வில் உருத்திரபுரத்து வயலை விட்டு மல்லாவிக்கு வந்த என் தங்கையின் கணவர், கொட்டிலுக்குப் பின்னால் கோழி வளர்த்தார். நானோ விலங்கியல் ஆசிரியன். இனப்பெருக்க அத்தியாயத்தை வீட்டில் வாசிக்கச் சொல்லியே பென்சன்வரை வந்து சேர்ந்தவன். ஆகவே ஒரு காலையில் அவர் வேலியோரம் நின்று, "மச்சான், குஞ்சிலை ஒரு புண்," என்றபோது, என் புத்தி நேரே கோழிக்கூட்டுக்குத்தான் போனது.

"மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுப் பூசு. ஆறும்வரைக்கும் தனியப் படுக்க விடு."

சொல் பிசகாமல் கடைப்பிடித்தார். அவர் ஏன் திடீரெனத் தனிப்பாய்க்கு மாறினார் என்று என் தங்கைக்கு விளங்கவில்லை.

மாரி முடிந்தபின் மறுபடி வந்தார். "மச்சான், ஆறேல்லை. பூக்கோவா மாதிரிக் கொத்துக்கொத்தா முளைச்சு நாறுது."

"எந்தக் குஞ்சு? கறுப்போ, சிவப்போ?"

"நிறம் கேக்கிறியோ? என்னட்டை ஒண்டுதானேடா கிடக்கு!"

ஆஸ்பத்திரியில் சதைத்துண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஆண்குறியில் புற்றுநோய் என்று பதில் வந்தது. இளம் பெண் டொக்டர், நான் ஒருநாளும் கரும்பலகையில் கீறாத படத்தைத் துண்டுத்தாளில் கீறி விளக்கினார். பின்னுக்கு இழுபடாத முன்தோலின் அடியில் அது ஒளிந்து வளருமாம். தொடக்கத்திலேயே கண்டால் நுனியை அகற்றுவதே பலருக்குப் போதுமாம். கவட்டில் நெறி கட்டினால் அதையும் எடுக்கவேண்டுமாம்.

"புற்றுநோய் ஒட்டாது ஐயா. வீட்டுக்கார அம்மாவோடை ஒரே பாயிலை படுக்கலாம்."

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டொக்டரிடம், "நிண்டு சலம் போகலாமோ?" என்றார்.

"அதுக்கு மிச்சம் விடுவினம்."

"அப்ப வெட்டுங்கோ. மற்ற உத்தியோகத்திலையிருந்து அது எப்பவோ பென்சன் எடுத்திட்டுது."

போர் எல்லையைத் தாண்டப் பாஸ் கிடைத்து வவுனியா சென்று சேர்வதற்குள் கவட்டில் நெறி கட்டிவிட்டது. நுனியையும் நெறியையும் எடுத்தார்கள். திரும்பிவந்த மச்சான் வேலியோரம் நின்றபடியே சலம் கழித்து, "மச்சான், வந்து பார்!" என்று ஊரைக் கூட்டினார். அடுத்த மாரிக்குள் நோயும் திரும்பிவந்தது. அதன்பின் அவர் எழும்பவில்லை.

செத்தவீட்டில் என்ன வருத்தத்தில் போனாரென்று கேட்டவர்களுக்கு உறவினர் ஒருவர், "சலக்கடுப்பு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஆண்குறியில் புற்றுநோய்," என்றேன், வகுப்பறைக் குரலில். பறைமேளம்கூட ஓர் அடி தவறியது.

படலை தாண்டும்போது, முகம் தெரியாத ஒருவர் பின்னால் வந்தார்.

"மாஸ்ரர், குஞ்சிலை ஒரு சின்னப் புண்…"

இம்முறை நான் நிறம் கேட்கவில்லை. சைக்கிளை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பி, "ஏறுங்கோ," என்றேன்.