அடையாளம் தெரிந்தது, கண்டுகொள்ளவில்லை

இன்று கணபதி என்ற ஊரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா சாந்தி சித்தி, என் அம்மாவுக்குச் சித்தப்பா மகள்.

மண்டப வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் "வாங்க, வாங்க" என்று கேட்டு வரவேற்றுக்கொண்டிருந்த சித்தி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். உடனே அடுத்தவரிடம் திரும்பிவிட்டார்.

உள்ளே போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அம்மா எழுந்துவிட்டார்.

"கெளம்பலாம் வா, கண்ணு. சோறு வேண்டாம்."

"ஏம்மா? சித்திதான் உன்னைப் பாத்துச் சிரிச்சாங்களே."

"சிரிச்சா, அடையாளம் தெரிஞ்சுதுன்னு அர்த்தம். வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாத்தான கண்டுக்கிட்டான்னு ஆகும்?"

ஒன்றுக்குக் கண் போதும், மற்றதற்கு வாய் வேண்டும் போலிருக்கிறது. நான் இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

வாசலில் சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க்கா, எங்க போறீங்க?"

"எங்களை யாருங்க கேட்டாங்க?" என்றார் அம்மா. தங்கைக்கே 'ங்க' போட்டால் கோபம் பெரிது.

சித்தி திகைத்துப்போனார். "வாங்கன்னு கேக்கறதுக்கு நீங்க என்ன விருந்தாளியா? எங்கூட நின்னு மத்தவங்களைக் கேப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!"

அதற்குப் பிறகு அம்மா வாசலை விட்டு நகரவில்லை. வந்தவர்களில் பாதிப் பேரை அவருக்கு அடையாளமே தெரியாது. ஆனால் ஒருவரையும் கண்டுகொள்ளாமல் விடவில்லை.

எங்களுக்குக் கடைசிப் பந்தியில்தான் இடம் கிடைத்தது. உங்கள் வீட்டில் 'வாங்க' கேட்காத கோபத்தில் யார், எந்தக் கல்யாணச் சாப்பாட்டை விட்டு வந்தார்கள்?