மேரி அக்காவும் மூன்று லென்ஸ்களும்

மேரி அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே... மாரடைப்பு என்கிறார்கள்.

அறந்தாங்கியில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். உங்களில் பாதிப் பேருக்கு அவர் எக்ஸ்ரே அக்கா. மீதிப் பேருக்கு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும் பெரிய கேமரா அக்கா.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கம்ப்யூட்டருக்கு மாறியபோது பழைய பிலிம் பெட்டிகள் மிஞ்சின. குப்பைக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். "இதுல எலும்பத்தான் எடுக்கணும்னு சட்டமா என்ன?" என்றார் என்னிடம்.

அப்புறம்தான் அந்த மரக் கேமரா வந்தது. சென்னையில் யாரோ விற்றது. முன்னால் லென்ஸ், நடுவில் ஆர்மோனியப் பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பாகத் துருத்தி, பின்னால் ஒரு கண்ணாடித் தட்டு. எக்ஸ்ரே பிலிமைச் சிவப்பு விளக்கில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு படத்துக்கு ஒரு துண்டு என்று செருகுவார்.

முதன்முதலாக என்னைத் துணிக்குள் இழுத்துக் காட்டியது ஆஸ்பத்திரி வாசலில். கண்ணாடித் தட்டில் ஆம்புலன்ஸ், வேப்பமரம், வாட்ச்மேன் எல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது.

லென்ஸ் மூன்று வைத்திருந்தார். பஞ்சு சுற்றி, டிபன் பாக்ஸில் போட்டு டியூட்டிக்கே எடுத்து வருவார்.

ஒன்று அகலமாகக் காட்டும். கோயில், குளம், கல்யாண வீட்டுக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அது. இன்னொன்று நடுத்தரம், முகத்தில் ஒரு முடியைக்கூட விடாது. மூன்றாவது பழைய பித்தளை லென்ஸ். அதில் எடுத்தால் முகம் கொஞ்சம் பால் தெளித்த மாதிரி மெத்தென்று விழும்.

எது பிடிக்கும் என்று கேட்டால் வாரத்துக்கு ஒரு பதில். ஆனால் மனுஷர்களை எடுக்கப் போகும்போது பித்தளை லென்ஸ்தான். "சனங்க பாவம்ப்பா, கொஞ்சம் அழகா விழட்டும்" என்பார்.

அது மாறியது கடலோரத்துக் கட்டுமாவடியில்.

பஞ்சவர்ணம் எங்களிடம் சிகிச்சைக்கு வந்தவர். மீன் வியாபாரம். முகத்தில் ஒரு பக்கம் வாதம் வந்து, முக்கால்வாசி சரியாகி, உதடு மட்டும் லேசாக இழுத்தபடி நின்றுவிட்டது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போட்டோவில் மட்டும் நிற்கமாட்டேன் என்று பஞ்சவர்ணம் பிடிவாதம். மகள் என்னிடம் வந்து அழுதது. நான் மேரி அக்காவிடம் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நாமே போய் ஒன்று எடுத்துக் காட்டுவோம், தன் முகத்தைப் பார்த்தால் பயம் போகும் என்றார். ஸ்கூட்டரில் அக்கா முன்னால், மூன்று கால் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு நான் பின்னால்... கடற்கரை வரைக்கும்.

கரையேற்றிய படகின் நிழலில் கேமராவை நிறுத்தினார். பித்தளை லென்ஸை மாட்டினார். பஞ்சவர்ணம் நாற்காலியில் உட்காரவில்லை. மொதல்ல நான் பாக்கணும் என்றார்.

சரி என்று என்னை உட்கார வைத்து அவரைத் துணிக்குள் விட்டார் அக்கா. துணிக்குள்ளிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது.

"நர்ஸம்மா கன்னத்துல இருக்க தழும்பக் காணமே?"

சின்ன வயதில் அம்மை போட்டு வந்த தழும்பு எனக்கு. பித்தளை லென்ஸ் அதை விழுங்கிவிட்டது.

மற்றதையும் மாட்டச் சொன்னார். அகல லென்ஸில் பார்த்துவிட்டு, மூக்கு பெருசாத் தெரியுது, வேண்டாம் என்றார். நடுத்தர லென்ஸில் பார்த்ததும், "இது. இதுல எடுங்க."

அக்கா தயங்கினார். "அது எல்லாத்தையும் காட்டிப்புடும்மா. நல்லா யோசிச்சுக்கங்க."

"காட்டட்டும்க்கா. வேற யாரோ மாதிரி விழுந்துட்டு, அத எம்புள்ளைக்குக் குடுத்து என்ன செய்ய?"

உட்கார்ந்தார். அசையக் கூடாது என்று அக்கா சொன்னார். கரையேற்றிய படகு மாதிரி உட்கார்ந்திருந்தார் அந்த மனுஷி.

படத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் போனேன். இழுத்த உதடு அப்படியே இருந்தது. கண்ணும் இருந்தது... மீன் ஏலம் விடுகிற இடத்தில் யாருக்கும் பயப்படாத அந்தக் கண். ரொம்ப நேரம் பார்த்தார். "நாந்தான்" என்றார்.

கல்யாணத்தில் எல்லாப் போட்டோவிலும் முன்வரிசை.

அதற்கப்புறம் மேரி அக்கா யாருக்கும் தானாக லென்ஸ் தேர்ந்தெடுக்கவில்லை. உட்காருகிறவரைத் துணிக்குள் விட்டு, மூன்றிலும் பார்க்க வைத்து, எது வேண்டும் என்று கேட்பார். சிலர் பித்தளையைக் கேட்டார்கள். கேட்டதை மாட்டினார்.

இன்று மதியம் அவர் வீட்டில் இருந்தேன். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அந்தோணி அண்ணன், அவர் வீட்டுக்காரர், என்னைக் கூப்பிட்டார்.

கறம்பக்குடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க வருவதாக இருந்ததாம். மகன் அடுத்த வாரம் சவுதிக்குப் போகிறான், போவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து ஒரு படம். வர வேண்டாம் என்று சொல்லத்தான் அண்ணன் போன் பண்ணியிருக்கிறார்.

"சொல்ல வாய் வரலம்மா. வாங்கன்னுட்டேன்" என்றார்.

அண்ணன் டிராக்டர் மெக்கானிக். இத்தனை வருஷமாக அக்கா எடுத்த பிலிமையெல்லாம் கழுவிக் காயப்போட்டது அவர்தான். துணிக்குள் மட்டும் போனதில்லை. உங்களால முடியும்ண்ணே, பிலிம் வெட்டித் தர நான் வாரேன் என்றேன்.

தலையாட்டினார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்தார்.

நாளை காலை அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

ஞாயித்துக்கெழம வெள்ளனவே வந்துருவேன்க்கா. நீங்க தூங்குங்க.