ஓடுகிற மெஷினும் அரிக்கிற கையும்

கம்ப்யூட்டர் திருத்துகிற தொழிலில் பழுதான மெஷின் நமக்குச் சோறு போடும். பழுதாகாத மெஷின்தான் உயிரை வாங்கும். லினக்ஸ் பிடித்து ஆட்டுகிற என் சக நோயாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது உங்களுக்கும் கை அரிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பென் டிரைவ் விருந்தாளிகள்

நான் வேலை செய்வது கண்டிப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, நௌஷாத் நானாவின் கடையில். உள்ளே நான் திருத்து வேலை பார்ப்பேன். முன்னால் ரிஸ்னா போட்டோகொப்பி, பிரின்ட், ஐடி போட்டோ எல்லாம் கவனிப்பாள். பிரின்ட் எடுக்க வருகிறவர்களின் பென் டிரைவில் ஊரிலுள்ள வைரஸ் அத்தனையும் குடும்பத்தோடு வந்து இறங்கும். முன் மெஷின் படுத்தால் கடையே படுத்த மாதிரி.

நானாவைக் கெஞ்சிக் கூத்தாடி அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். விண்டோஸுக்கென்றே பிறந்த வைரஸ்கள் வந்தன, செய்ய ஒன்றுமில்லாமல் திரும்பிப் போயின. மெஷின் படுக்கவேயில்லை. நானாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் மனுஷன் என்னை நன்றாகத் தெரிந்தவர். "தம்பி, இது ஓடுது. இனி இதுல கை வெக்க வாணாம். வெச்சீங்கண்டா பழையபடி விண்டோஸ்தான்."

பொத்தான் இல்லாத திரை

முன் மெஷினைத் தொடக்கூடாது என்றதும் அரிப்பு முழுக்க வத்தேகமவில் என் வீட்டு லெப்டொப்பின் மேல் இறங்கியது. ஒரு லினக்ஸை அழித்து இன்னொன்று, அது பழகுகிற நேரத்தில் வேறொன்று. எது போட்டாலும் இதைவிட நல்லது எங்கோ இருக்கிறது என்று மனம் குடையும். கடைசியில் ஐகன், மெனு, பொத்தான் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாம் கீபோர்டிலேயே நடக்கும்படி செய்தேன். மவுஸைத் தொட்டால் வேகம் போச்சு என்பது அந்த மாதத்து என் கொள்கை.

கட்டாரில் இருக்கும் தன் தம்பியோடு வீடியோவில் பேசவென்று என் மனைவி செல்வி அதன்முன் உட்கார்ந்தாள். எதிரே வெறும் சாம்பல் நிறத் திரை. பாராட்டுவாள் என்று பக்கத்தில் நின்றேன். அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஏங்க, இதுல நான் எதத் தொடணும்?"

நாலு வரி புரோகிராம்

ரிஸ்னா ஐடி போட்டோக்களை ஒவ்வொன்றாக வெட்டி, அளவு பார்த்து, ஒரே தாளில் அடுக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரே வேலையை இரண்டாம் முறையும் கையால் செய்வது பாவம் என்று நம்புகிறவன் நான். புரோகிராம் எழுதித் தருகிறேன், நாலு வரி போதும் என்றேன்.

நாலு வரி வளர்ந்துகொண்டே போனது. முகத்தை அதுவே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பின்னாலிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கண்டுபிடித்தது. அதைச் சரிசெய்தபோது, எழுதிய மொழியே பிடிக்காமல் போய், வேறு மொழியில் முதலிலிருந்து தொடங்கினேன். அதற்குள் ரிஸ்னா பாட்டுக்கு வெட்டி வெட்டி ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கதிரையில் காத்திருந்தவரைக் காட்டி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "அண்ணா, நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள இவருக்கு மொகமே மாறிடும்."

அந்தச் சின்ன அறிவிப்பு

ஒரு காலை நானா கடைக்குப் பிரின்ட் பேப்பர் எடுக்கக் கண்டிக்குப் போயிருந்தார். முன் மெஷினின் மூலையில், புதிய பதிப்பு வந்திருப்பதாக ஒரு சின்ன அறிவிப்பு. ஓடுகிற மெஷின்தான். ஆனாலும் புதிதாக ஒன்று காத்திருக்கும்போது சும்மா இருக்க நான் என்ன முனிவனா? அமுக்கினேன். மெஷின் அணைந்து எழுந்தது. திரை முழுக்கக் கறுப்பு, மூலையில் ஒரு வரி வெள்ளை எழுத்து.

அந்நேரம் பார்த்து ஓர் இளம்பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கண்டியில் தாதியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வாம். சான்றிதழ்கள் எல்லாம் பென் டிரைவில், பஸ் வரும் நேரம். உள்ளே இருந்தவையோ கழற்றிப் போட்ட மெஷின்கள். லினக்ஸ் போனால் போகட்டும், இவள் பிழைப்பல்லவா போகப்போகிறது. கறுப்புத் திரையிலேயே கட்டளைகளைத் தட்டினேன். பென் டிரைவைத் திறக்க ஒன்று, பிரின்டருக்கு அனுப்ப ஒன்று. பிரின்டர் முக்கி முனகித் தாள்களைத் தள்ளியது. அவள் அள்ளிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள்.

நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினால், வாசலில் பேப்பர் கட்டோடு நானா. திரையில் படமே இல்லாமல் பிரின்ட் எடுக்கலாம், லினக்ஸின் அருமையே இதுதான் என்று விளக்கத் தொடங்கினேன். விண்டோஸைப் போடச் சொல்லிவிடுவாரோ என்று உள்ளுக்குள் நடுக்கம். அவர் பொறுமையாகக் கேட்டார். மெஷினைப் பழையபடி ஆக்கச் சொன்னார், ஆக்கினேன். பிறகு ரிஸ்னாவைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். அவள் தட்டி முடிக்கும்வரை என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வைத்தார். "லினக்ஸ் இருந்துட்டுப் போகட்டும் தம்பி. ஒங்களத்தான் இதுலேந்து எடுக்கணும்."

அன்றிலிருந்து அந்த மெஷின் ஒருநாள்கூட நிற்கவில்லை என்பதுதான், சகோதரர்களே, எனக்குத் தாங்கவில்லை.