காரைக்குடியில் வாங்கிய பெட்டி

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் மற்ற வீடுகளில் அழுக்குத் துணியை ஒளித்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் என் இழைப்புளியை ஒளித்து வைப்பார்கள். இழைப்புளி, இரண்டு உளி, கைவாள், சுத்தியல் எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு வருவது என் கணவரின் பொறுப்பு. வேறு எந்த வீட்டு வேலையிலும் அவரிடம் அவ்வளவு சுறுசுறுப்பை நான் கண்டதில்லை.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். மதுரை ஆனையூரில் வீடு. ஊரடங்கில் வகுப்பெல்லாம் கைபேசிக்குள் போய்விட்டபோது, அதே கைபேசியில் யாரோ ஒருவர் மரப்பெட்டி செய்கிற வீடியோவைத் தற்செயலாகப் பார்த்தேன். முதல் நாள் சும்மா பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். அந்த மாதமே ஒரு கைவாள் வாங்கிவிட்டேன். நான் செய்த முதல் ஸ்டூல் ஆடியது. தரைதான் மேடு பள்ளம் என்று ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொன்ன கதையாகச் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. அடுத்த ஸ்டூல் ஆடவில்லை. அதில் உட்கார்ந்துதான் என் கணவர் இன்றைக்கும் ஷூ மாட்டுகிறார்.

உட்காரத் தடையில்லை. செய்ததுதான் குற்றம்.

"நம்ம என்ன ஆசாரி வீடா? காடு கரை உள்ள குடும்பம்னு நம்மளத் தேடி வாராய்ங்க. நீ மாடியில நின்னு பலகைய இழைச்சுக்கிட்டு இருக்க. நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாய்ங்க?" என்பார் என் கணவர்.

மதுரைக்கு மேற்கே இருந்த அந்தக் காடு கரையில் பாதி மனைகளாகி எல்லைக்கல் நட்டு விற்றாகிவிட்டது. மீதியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். என் கணவருக்கு மண்வெட்டிக்குக் காம்பு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பெரிய விஷயம். ஆனாலும் பேச்சுக்குப் பேச்சு காடு கரை வந்துவிடும். வாசல் நிலையும் சாமி பலகையும் ஆசாரி செய்து தர வேண்டும், செய்தவர் தின்பண்டம் வாங்கிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டுப் போக வேண்டும். அந்த வேலையை வீட்டுப் பெண் செய்தால் குடும்பத்துக்கே இழுக்கு. இந்தக் கணக்கு மட்டும் எனக்கு எந்த வழியில் போட்டாலும் விடை வரவில்லை.

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அவனியாபுரத்தில் வீடு, பையன் நல்ல வேலையில் இருக்கிறான். பெண் பார்க்க வந்த அன்று என் சாக்கு வழக்கம்போல் தொட்டிக்குப் பின்னால் போனது. மாடிப்படியில் கிடந்த மரத்தூளை என் மகளே பெருக்கினாள். பெருக்கி முடித்து என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நகத்த நல்லாத் தேச்சுக் கழுவிக்கம்மா. ரொம்பக் கறையா இருக்கு."

கழுவிக்கொண்டேன். பெண் பார்க்க வருகிற நாளில் எந்தப் பெண்ணுக்கும் ஒரு பயம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நிச்சயம் முடிந்த பிறகு சீர் வாங்கும் படலம் தொடங்கியது. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், பித்தளைப் பாத்திரம் என்று அத்தனையையும் என் கணவரும் நாத்தனாரும் போய் முடிவு செய்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா? நான் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் மகள் போகிற வீட்டில், ஒரு பொருளைக் கையில் எடுத்து, "இது எங்கம்மா செஞ்சது" என்று அவள் சொல்ல வேண்டும். எதிரில் யார் இருந்தாலும் சரி. ஒரு தடவை சொன்னால் போதும்.

அதற்காக ஒரு நகைப் பெட்டி செய்ய முடிவு செய்தேன். ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலம். கம்மல், மோதிரம், இரண்டு வளையல் வைத்துக்கொள்ளலாம். அவனியாபுரத்தில் ஒரு மர அறுவை மில்லில் வாகைப் பலகை கிடைத்தது. பழுப்பும் கறுப்புமாக ரேகை அலை அலையாக ஓடுகிற பலகை.

"எந்த ஆசாரி செய்யுறாரு டீச்சர்?" என்று என் கழுத்தில் தொங்கிய பள்ளி அடையாள அட்டையைப் பார்த்துக் கேட்டார் மில்காரர்.

"நான்தாண்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப இது வேணாம், ஓரத்துல வெடிப்பு இருக்கு," என்று வேறு ஒரு பலகையை உருவிக் கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

இந்த மாதிரிப் பெட்டியின் அழகே ரேகையில்தான் இருக்கிறது. ஒரே பலகையிலிருந்து நான்கு பக்கங்களையும் வரிசையாக வெட்ட வேண்டும். நீளப் பக்கம், குட்டைப் பக்கம், மறுபடி நீளம், மறுபடி குட்டை. முனைகளை நாற்பத்தைந்து டிகிரியில் சாய்த்து வெட்டி, அதே வரிசையில் சுற்றிச் சேர்த்தால், முன்பக்கம் ஓடி வருகிற ரேகை மூலையில் மடங்கி, பக்கவாட்டில் விட்ட இடத்திலிருந்து தொடரும். பலகையை வெட்டிச் சேர்த்தது மாதிரியே இருக்காது, அப்படியே மடித்தது மாதிரி இருக்கும். வாள் தடித்தது என்றால் அது தின்கிற தூளிலேயே ரேகை விலகிவிடும். வரிசை மாறினால் போச்சு, ஒரு துண்டு தலைகீழானாலும் போச்சு. நான் முதல் பலகையில் இரண்டாவது துண்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். பசை காய்ந்து, இறுக்கிப் பிடிக்கச் சுற்றியிருந்த சைக்கிள் டியூபை அவிழ்த்த பிறகுதான் கண்ணில் பட்டது. பிள்ளைகள் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டால் எத்தனை காது திருகியிருக்கிறேன்! அன்று என் காதைத் திருக ஆள் இல்லை. மறுபடி மில்லுக்குப் போய் வேறு பலகை வாங்கி வந்தேன்.

இரண்டாவது பலகை படிந்து வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசியதும், அதுவரை மங்கலாக இருந்த ரேகை பளிச்சென்று எழுந்து நின்றது. என் மகள் அலுவலகம் முடிந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல், மூலையில் விரலை வைத்து ரேகையோடு நகர்த்திப் பார்த்தாள்.

"எப்படிம்மா? அது பாட்டுக்குத் திரும்பிப் போகுது!"

"கணக்குத்தான்."

"இத நான் எடுத்துட்டுப் போறேன். அப்பா என்ன சொன்னாலும் சரி," என்றாள்.

அன்று என் கணவர் வாயைத் திறக்கவில்லை. அவர் மௌனத்தையும் என் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். கல்யாணத்தன்று சீர்த் தட்டுகளோடு அந்தப் பெட்டியும் போனது. தட்டு அலங்காரம் செய்த பெண் அதைச் சுற்றித் தங்கக் கலரில் சரிகை நாடா ஒட்டப் போனாள். என் மகள்தான் "வேணாங்க்கா, அப்படியே இருக்கட்டும்" என்று தடுத்தாள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் பெட்டியை வெறுக்கவில்லை.

தை பிறப்பதற்குச் சில நாள் முன்பு தலைப்பொங்கல் சீர் கொண்டுபோனோம். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு வேலை தொடங்கிவிட்டதால் தெருவை அடைத்து மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் முன்னாலேயே இறக்கிவிட்டார். கரும்புக் கட்டு, வெண்கலப் பானை, அரிசி, வெல்லத்தோடு நடந்தோம். வழியில் அந்த மர மில். மில்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "டீச்சர், வாகை புதுசா வந்துருக்கு!" என்று கத்தினார். என் கணவர் கரும்பைத் தோளில் மாற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சம்பந்தி வீட்டில் நல்ல வரவேற்பு. மாப்பிள்ளையின் அம்மா என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். வெள்ளந்தியான மனுஷி, பேச்சில் கள்ளம் இல்லை. அன்று அவர் பக்கத்துச் சொந்தக்காரப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் நடுத்தட்டில், வேறு எதுவும் பக்கத்தில் வைக்காமல், என் பெட்டி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சம்பந்தியம்மா அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து, வந்திருந்தவர்களிடம் காட்டினார். "பாருங்கடி, இந்தக் கோடு அப்படியே திரும்பி ஓடுறத. என்னமா செஞ்சிருக்காய்ங்க! இதெல்லாம் அந்தக் காலத்து வேலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "காரைக்குடியில எந்தக் கடை மதினி?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. காரைக்குடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என் மகளைப் பார்த்தேன். காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"பழைய சாமான் விக்கிற தெருவுல வாங்குனது அத்தை. அம்மாவுக்குக் கடைப் பேரெல்லாம் ஞாபகம் இருக்காது," என்றாள்.

"ஆமா, ஆமா. அங்கிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப வாங்குனது," என்றார் என் கணவர். எவ்வளவு சரளமாக வந்தது! அப்பாவும் மகளும் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. பெட்டி முடிந்த அன்று அவர் வாய் திறக்காததன் அர்த்தமும் கூடவே விளங்கியது.

பெட்டி கை மாறிக் கை மாறிப் போனது. ஒரு பெண் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "அத்தை, இந்த மூலையில கோடு சேரவே இல்லையே. மத்த மூணும் சேருது, இது மட்டும் எங்கிட்டோ போகுது."

சம்பந்தியம்மா வாங்கிப் பார்த்தார். "அட, ஆமா. ஏமாத்திப்புட்டான் போல மதினி!"

அது சேராது. ஒரே பலகையைச் சுற்றிக்கொண்டு வந்தால், பலகையின் தலையும் வாலும் சந்திக்கிற மூலை ஒன்று வரத்தான் செய்யும். அந்த ஒரு மூலையில் ரேகை விட்டுப்போகும். தடித்த கட்டையை நடுவில் பிளந்து புத்தகம் மாதிரி விரித்துச் செய்தால் நான்கும் சேரும், ஆனால் கைவாளால் அப்படிப் பிளக்க என் தெம்பு காணாது. அதனால் அந்த மூலையை யோசித்துப் பின்பக்கம் வைத்திருந்தேன். மற்ற மூன்று மூலையும் மயிரிழை பிசகாமல் சேர்ந்ததற்கு நான் பட்ட பாட்டை அங்கேயே, அந்தக் கூடத்திலேயே, கரும்பலகையில் எழுதுவது மாதிரி என்னால் விளக்கியிருக்க முடியும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் மகளும் பார்த்தாள்.

"ஆமா மதினி," என்றேன். "கவனிக்காம வாங்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர்களே இப்படித்தான் என்று ஒரு பெண் தான் சேலை எடுத்து ஏமாந்த கதையை ஆரம்பித்தாள். நான் காபியைக் குடித்தேன்.

கிளம்பும்போது என் மகள் வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நினைக்காதம்மா. இங்க ஒரு மாதிரி பேசுவாங்க. என்ன ஆளுக, எந்த ஊருன்னு தோண்டித் துருவிக் கேப்பாங்க. உனக்கும்தான் அசிங்கம்."

அந்த "உனக்கும்தான்" என்கிற வார்த்தையை நான் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன். எனக்கு என்ன அசிங்கம்? பலகை இழைத்ததற்கு நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. அந்தச் சம்பந்தியம்மா உண்மையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. முகத்தைச் சுளித்திருக்கலாம். கட்டிப் பிடித்துக்கொண்டும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக்கூட என் வீட்டார் எனக்குத் தரவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து, ஊர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர்கள் என் வாயை மூடிவிட்டார்கள். என் கணவர் செய்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான். மகள் செய்ததை என்னால் செரிக்க முடியவில்லை. பெற்ற பிள்ளைமீது இவ்வளவு கோபம் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மாசி மாதம் ஒரு நாள், பள்ளி விட்டு வந்து சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். மகள் போன் செய்தாள். சாப்பாடு, வேலை, வெயில் எல்லாம் பேசினாள். சுற்றி வளைக்கிறாள் என்று தெரிந்தது.

"அம்மா, அத்தைக்கு அந்தப் பெட்டி ரொம்பப் பிடிச்சுப் போச்சும்மா. அவங்க மகளுக்கும் அதே மாதிரி ஒன்னு வேணுமாம். அம்மாகிட்டச் சொல்லி அந்தக் கடையிலயே வாங்கித் தரச் சொல்லுன்னு நச்சரிக்கிறாங்க." பிறகு, "நீ மெதுவாச் செஞ்சு குடுத்தாப் போதும். வாங்குன மாதிரியே அட்டைப்பெட்டியில வச்சுக் குடுத்துரலாம்," என்றாள்.

மாடியில் அந்த வாகைப் பலகையின் மிச்சம் இருந்தது. இன்னொரு பெட்டிக்குத் தாராளமாகவே காணும்.

"அந்தக் கடைய மூடிட்டாங்கன்னு சொல்லிரு," என்றேன்.

அவள் ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கோபமா என்று கேட்பாள், அழுவாள், அப்பாவிடம் போனைக் கொடு என்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன்.

"நல்ல யோசனைம்மா. அப்படியே சொல்லிர்றேன்," என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.