மாமாவுக்கு மூக்கு நீளம்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நாளை கூடும் இடத்தில் வைப்பதற்காக, ஆளுயர ஆண் உருவம் ஒன்றைக் கரியால் வரைந்துகொண்டிருந்தேன். முகத்துக்கு வந்ததும், வழக்கம்போல என் பெருவிரல் அதைத் தேய்த்து அழித்தது. கரி மணம் மூக்கில் ஏறியது.

அப்போது கொழும்புத்துறை வீட்டில் எனக்கு ஏழு வயது. இராணுவச் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டதும் அம்மா, அல்பத்தில் ஒட்டியிருந்த கலியாணப் படத்தில், இயக்கத்துக்குப் போன தன் தம்பியின், என் மாமாவின், முகத்தை மட்டும் பிளேடால் வெட்டி அடுப்பில் போட்டார்.

“ஆர் கேட்டாலும் உனக்கு மாமா இல்லை. விளங்குதோ?”

“ஓம்.”

ஆனால் அந்த ஓட்டையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அடுப்படிக் கரித்துண்டால், ஓட்டைக்குள் தெரிந்த மட்டையில் கண், மூக்கு, மீசை எல்லாம் கீறிவைத்தேன்.

அம்மா அதைக் கண்டபோது படலையடியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பெருவிரலை எச்சிலில் நனைத்து, அந்த முகத்தைத் தேய்த்தார். உள்ளே வந்த சிப்பாய் அல்பத்தை விரித்து அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். முதுகுக்குப் பின்னால் அம்மா மறைத்திருந்த கரி விரலை நான் இறுகப் பிடித்திருந்தேன். கடைசியில் அவன் அல்பத்தை எறிந்துவிட்டுப் போனான்.

மாமா திரும்பி வரவில்லை. அம்மா அவரைப் பற்றிப் பிறகு கதைத்ததே இல்லை.

இன்று அம்மா என் பின்னால் வந்து நின்று, என் விரலை நெடுநேரம் பார்த்தார்.

“அழிக்காதை பிள்ளை. தம்பிக்கு மூக்கு கொஞ்சம் நீளம்.”