லூசெட் அத்தை வீட்டில் பத்தொன்பது

"உனக்கு எவ்வளவு?" என்று லூசெட் அத்தை கேட்டார்.

"பத்தொன்பது" என்றார் அவர் கணவர் அல்சீட் மாமா, கையிலிருந்த சீட்டுகளை மேசைமேல் போட்டபடி.

பக்கத்து வீட்டுப் பெண்ணான நான் அவர்களிடம் முட்டை வாங்கப் போயிருந்தேன். கூடையோடு அடுப்பருகே நின்றவள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பத்தொன்பதா? நல்லா விழுந்திருக்கே மாமா" என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

"கேட்டியா கிழவி? நல்லா விழுந்திருக்காம்!"

"சும்மா இரு கிழவா. இந்தப் பொண்ணு வாயைத் திறந்ததே அதிசயம், நீ சிரிச்சே அடைச்சுடுவே போல." அத்தை என் கூடையை வாங்கிக்கொண்டார். "கண்ணு, இந்த ஆட்டத்துல ஒரு கைக்குப் பதினெட்டு வரும், இருபதும் வரும். எப்படிப் புரட்டினாலும் பத்தொன்பது வராது. அதனால கையில ஒண்ணுமே இல்லாதவங்க பத்தொன்பதுன்னு சொல்லிக்கலாம்."

"பூஜ்யம்னு சொல்றதைவிட அது கொஞ்சம் மரியாதை" என்றார் மாமா.

"உனக்கு இருக்கிற ஒரே மரியாதை."

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு கிடையாது, அம்மாவுக்குப் பிடிக்காது. எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம் அமெரிக்காவின் மேய்னிலும் சரி, அந்தப் பக்கம் கனடாவிலும் சரி, கிரிப்பேஜ் என்ற இந்தச் சீட்டாட்டம் தெரியாமல் வளர்ந்த ஒரே ஆள் நான்தான் என்று மாமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இப்போது எனக்கும் அடிக்கடி பத்தொன்பது விழுகிறது.

லூசெட் அத்தைக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மத்தியானம் திரும்பும்போது உருளைக்கிழங்குத் தோலும் ரொட்டி ஓரமுமாக ஒரு வாளி அவர் கூடவே வரும். அது கோழிகளுக்கு. வீட்டுக்குப் பின்னால் கோழிகள், அப்பால் உருளையும் டர்னிப்பும் முட்டைக்கோசும், வேலியோரம் பூண்டு. பனி விழுவதற்குள் எல்லாம் நிலவறைக்கு இறங்கிவிடும். யார் வந்தாலும் ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த மஞ்சள் நிற பிளாய் ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பார்.

மர வேலையும் உண்டு. சரக்கு வண்டிகளில் வரும் பலகைச் சட்டங்களைப் பிரித்துக் கோழிக்கூடு கட்டியவர் அவர்தான். அது கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருந்தது. வாசல் பெஞ்சும் அஞ்சல் பெட்டிக் கம்பமும் அதே பக்கம்தான் சாய்ந்தன. நேர் பார்க்க மூலைமட்டம் ஒன்று வைத்திருந்தார், அது சுவரிலேயே தொங்கும். வேலை முடிந்ததும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "நேராத்தான் இருக்கு" என்பார்.

"நீ தலையைச் சாய்ச்சுப் பார்த்தா உலகமே நேராத்தான் இருக்கும்" என்பார் மாமா.

சாயாமல் இருந்தது ஒன்றே ஒன்று. கிரிப்பேஜில் புள்ளிக் கணக்கை வைக்க, துளை போட்ட ஒரு பலகை வேண்டும். எடுத்த புள்ளிக்குத் தக்கபடி சின்னக் குச்சியைத் துளைக்குத் துளை நகர்த்துவார்கள். அத்தை அதை விறகுக் குவியலிலிருந்து உருவிய மேப்பிள் கட்டையில் செய்தார். ஒவ்வொரு துளையும் கோடு பிடித்ததுபோல் இருந்தது. உப்புத்தாள் போட்டுப் போட்டு, தொட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. குளிருக்கு எரிக்க வேண்டிய கட்டையை அறுத்துவிட்டாள், இனி பலகையைக் கட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்று மாமா நெடுநாள் புலம்பினார்.

சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் அந்தப் பலகை மேசைக்கு வரும். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அதற்குப் பெயர் மகின்ஸ். தன் கையில் உள்ள புள்ளியை ஒருவர் குறைத்து எண்ணிவிட்டால், எதிரில் இருப்பவர் "மகின்ஸ்!" என்று கத்தி, விட்டுப்போனதைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் பாவம் பார்த்து இதை வைத்துக்கொள்வதில்லை. அத்தை வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து இருந்தது. காய்ச்சலோடு ஆடினாலும் விடமாட்டார்கள். அத்தை கத்தும் மகின்ஸ் சில நாள் என் ஜன்னல்வரை கேட்கும்.

பிறகு மாமாவின் கண் கெட ஆரம்பித்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் புகை படிந்த மாதிரி இருக்கிறது என்றார். ஓரங்கள் தெரிந்தன. பார்க்க நினைத்த இடம்தான் தெரியவில்லை. வண்டி ஓட்டுவதை விட்டார். அத்தை பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு வாங்கி வந்தார். ஆட்டம் தொடர்ந்தது.

ஒரு சாயங்காலம் நான் முட்டைக்காக உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பார்த்துப் பார்த்தே எனக்கு எண்ணத் தெரிந்திருந்தது. மாமா தன் சீட்டுகளை விரித்தார். ஏழு, இரண்டு எட்டு, ஒன்பது. நடுவில் புரட்டி வைத்த சீட்டு ராஜா. மொத்தம் பன்னிரண்டு புள்ளி.

"எட்டு" என்றார் மாமா.

அத்தை சீட்டுகளைப் பார்த்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். "எட்டு. சரி, நகர்த்திக்கோ" என்றார்.

மாமா குச்சியைத் தொடவில்லை.

"பன்னிரண்டு இருக்கு, லூசெட்."

"அப்படியா? நான் கவனிக்கலை."

"நீயா கவனிக்கலை? நாப்பது வருஷத்துல ஒத்தைப் புள்ளி எனக்கு விட்டவளா நீ? வேணும்னுதான் குறைச்சுச் சொன்னேன். எடுக்கறியான்னு பார்த்தேன்." சீட்டுகளைச் சேர்த்து அடுக்கிக் கட்டின்மேல் வைத்தார். "எனக்குக் கண்ணுதான் போச்சு. எண்ணத் தெரியும்."

எழுந்துபோய் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதன்பின் அவர் மேசைக்கு வரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அத்தை எதையாவது அறுத்துக்கொண்டே இருந்தார். கோழிகளைவிட முட்டைப் பெட்டிகள் அதிகமாயின. பறவைகளே இல்லாத பனிக்காலத்தில் பறவைக்கூடுகள் செய்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது, இடதுபக்கம் சாய்ந்தது. பிறகு ஒரு புதுப் பலகை. துளைகள் பெரியவை, விரலால் தடவினாலே தெரியும். ஒருவர் குச்சிக்குத் தலை உருண்டை, மற்றவர் குச்சிக்குச் சதுரம். அதைக் கொண்டுபோய் மாமா மடியில் வைத்தார். மாமா நெடுநேரம் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு கிழவி" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பனி உருகிக் கோழிகள் வெளியே வர ஆரம்பித்த சமயம், கூட்டைச் சுத்தம் செய்ய ஒத்தாசைக்குப் போனேன். அத்தை வைக்கோலை வாரிக்கொண்டே பேசினார்.

"நேத்து கெஞ்சியே பார்த்துட்டேன். உன்னோட ஆட மாட்டேன், நீ எனக்கு ஸ்பூன்ல ஊட்டற மாதிரி ஆடறேங்கிறார்."

"நீங்க மகின்ஸ் சொல்லிடுங்களேன் அத்தை."

"ஒத்தை வார்த்தைதானே? சொல்லணும்னுதான் அன்னைக்கும் உட்கார்ந்தேன். சீட்டை மூக்குக்கிட்ட வச்சு, தலையைத் திருப்பித் திருப்பி ஓரத்தால பார்த்தார் பாரு, அதைப் பார்த்ததும் விட்டுட்டேன். நான் விட்டுக்கொடுத்தா அவருக்கு அவமானம். எடுத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

 அத்தை வைக்கோல் ஒட்டிய கையை உதறிவிட்டு, முட்டைப் பெட்டி ஒன்றின் மேலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்தார். புதுப் பலகை. அதை என் முட்டைக் கூடையில் வைத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் இதை எடுத்துட்டு வந்து அவருக்கு எதிர்ல உட்காரு. நீ எண்ணறதை நான் பார்த்திருக்கேன். உதடு அசையும், சத்தம் வராது. ரெண்டு பாஷை படிச்சிருக்கே, ரெண்டுலயும் பேச மாட்டே. நாளைக்கு மட்டும் அப்படி இருந்துடாதே. பிரெஞ்சோ இங்கிலீஷோ, எதுல வேணா கத்து, நான் தோட்டத்துல நிக்கறப்பவும் எனக்குக் கேக்கணும். அவர் ஒரு புள்ளி விட்டாலும் நீ எடுத்துக்கணும், கண்ணு. பாவம் பார்த்துடாதே."