ஞானப்பூவின் பசுவை ஓட்டி வாரும்

ஞானப்பூவின் பசுவை உம்முடைய தொழுவத்தில் கட்டி வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் முன் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறீரே, உமக்கு எப்படி ஐயா வாய் வருகிறது? பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் உம்முடைய வீட்டம்மா கிணற்றடிக்குக் குடமெடுத்து வர முடியாது. அந்த அம்மாள் பேரில் எனக்குக் கோபமில்லை.

மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். ஏலம் விடுகிறவனுக்குத் தொண்டைதான் சொந்தம். சரக்கு ஊராருடையது, காசு கோயிலுடையது, வசவு வந்தால் அதையும் அவனே வைத்துக்கொள்ளலாம். வாரநாட்களில் நான் மேலப்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சத்தை ஏமாந்து படித்தேன், அடிபட்டும் படித்தேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவனுக்குச் சத்தமே தேவையில்லை. ஆனால் ஒருநாள் சந்தையில் நான் சண்டை போட்ட சத்தம் அந்த வழியாக வந்த எங்கள் குருவானவர் காதில் விழுந்துவிட்டது. "இந்தக் குரல் கர்த்தருக்கு உதவட்டும்" என்று அறுப்பின் பண்டிகையில் ஏலம் விட நிறுத்திவிட்டார்.

பண்டிகைக்குச் சபையார் வயலிலும் தோட்டத்திலும் தொழுவத்திலும் விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்துப் புளியமரத்தடியில் அதையெல்லாம் ஏலம் விடுவோம். அங்கே நான் பட்ட பாட்டில் கொஞ்சம் கீழே எழுதுகிறேன். இந்தச் சீமையில் எங்கெங்கோ கோயில் முற்றங்களில் என்னைப் போலக் கத்தித் தொண்டை கட்டிப்போன சகோதரர்களே, மற்றவர்கள் சிரித்தாலும் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

வீடு போய்ச் சேராத சேவல்

சந்தையில் விற்ற மாடு திரும்பி வந்தால் தரகனுக்கு உதை விழும். கோயிலில் விற்ற சரக்கு திரும்பி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு வருஷம் செவலைச் சேவல் ஒன்று வந்தது. வண்டிக்காரர் ஒருவர் கேட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லிக் கையில் கொடுத்தேன். அவர் அதை ஒரு தடவு தடவிவிட்டு, "இது என் காணிக்கையா இருக்கட்டும், திரும்ப ஏலம் விடும்" என்று நீட்டினார். அடுத்தவர் கேட்டார். அவரும் நீட்டினார். அவருக்கு அடுத்தவருக்கு மட்டும் மானமில்லையா? அவரும் நீட்டினார். உச்சிவெயில். பின்னால் வாழைக்குலையும் கருப்பட்டியும் குவிந்து கிடக்கின்றன. சேவலோ கால் கட்டோடு என் கையிலேயே இருந்து அலுத்துப்போய் என் தோளைக் கொத்துகிறது. "எவனாவது இதைக் கொண்டுபோய்க் கொழம்பு வைங்கலே!" என்று கத்திவிட்டேன். நிற்கிறது கோயில் முற்றம் என்று நினைவு வந்து திரும்பினால், குருவானவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோழி வாங்குவதற்கென்றே பேட்டையிலிருந்து வருஷந்தோறும் ஒரு ராவுத்தர் வருவார். சந்தையில் எனக்குப் பழக்கமானவர். அந்தச் சேவலுக்காகக் காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போய், கடைசியில் பைய என் பக்கத்தில் வந்து சொன்னார்: "அண்ணாச்சி, நான் யாவாரத்துக்கு வந்தவன். உங்க ஆளுகளுக்குக் கோழி வேண்டாம்போல இருக்கு, குடுக்கத்தான் வேணும்போல இருக்கு. நான் வீட்டைப் பாத்துப் போகட்டா?"

எல்லா வீட்டு அரிசியும்

எங்கள் பெண்டுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனிப்பானையில் போடுவார்கள். வீட்டில் கஞ்சிக்கே இழுபறியானாலும் அந்தப் பிடி நிற்காது. என் வீட்டிலும் அந்தப் பானை இருக்கிறது; இல்லாத நாளிலாவது நிறுத்து என்று பெண்டாட்டியிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். போடுகிறவர்களுக்குப் புண்ணியம். எல்லாப் பானையும் கோயிலில் ஒரே ஓலைக் கடகத்தில் கவிழும்போது கஷ்டம் எனக்கு. சம்பா, குறுவை, பச்சரிசி, புழுங்கலரிசி, நடுவில் யார் வீட்டுக் குதிரைவாலியோ! இதை அள்ளிக் காட்டி என்னவென்று சொல்லி விலை ஏற்றுவது? நான் கத்துவேன், கூட்டம் தரையைப் பார்க்கும்.

வருஷா வருஷம் பின்னாலிருந்து கையைத் தூக்குகிறவர்கள் எங்கள் வாத்தியார் வீட்டம்மா. வேறு நல்ல அரிசி கிடைக்காமலா வாங்குகிறார்கள்? ஒரு வருஷம் பொறுக்க மாட்டாமல், "இதை எப்படிம்மா பொங்குதீங்க?" என்று கேட்டேவிட்டேன். கடகத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே அந்தம்மா சொன்னார்கள்: "பாதி கொழையும், பாதி நறுக்குநறுக்குன்னு நிக்கும் அண்ணாச்சி. நம்ம சபை மாதிரிதான். எல்லாத்தையும் சேத்துத்தானே திங்கணும்?"

காம்புப் பக்கம்

ரயில் ஓடத் தொடங்கின பிறகு ஆழ்வார்குறிச்சிப் பக்கமிருந்தும் ஆட்கள் பண்டிகைக்கு வருகிறார்கள். அப்படி வந்த, பயிர் வைத்துப் பிழைக்கிற சம்சாரி ஒருவர் ஒரு பூசணிக்காயை மடியில் பிள்ளையைப் போல் வைத்துக்கொண்டே ரயிலில் வந்திருந்தார். ஊதித்தள்ளலாம் என்று எனக்கு ஒரே குஷி. "தாமிரபரணித் தண்ணி குடிச்ச காய்! ஒரு தெருவுக்கே குழம்பு வைக்கலாம்!" என்று அடித்துவிட்டேன். விலை ஏறிக்கொண்டே வந்தது. மூணு தரம் சொல்ல வாயைத் திறக்கிறேன், அந்த மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "பொறுங்க அண்ணாச்சி, காம்புப் பக்கம் அமுக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க. பூச்சி விழுந்திருக்கு" என்கிறார்!

ஏறின விலை கிணற்றில் வாளி விழுந்த மாதிரி இறங்கிற்று. கடைசியில் மாட்டுக்குப் போடலாமென்று ஒருவர் தூக்கிக்கொண்டு போனார். நான் சம்சாரியை மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "வே, பூச்சி விழுந்ததை ஏன் கொண்டுவந்தீரு? கொண்டுவந்தீரு, சரி, வாயை ஏன் திறந்தீரு?" என்று பாய்ந்தேன். என் சந்தைப் பிழைப்பில் இப்படியொரு விற்பனைக்காரனைக் கண்டதில்லை. அவர் என்னைப் பாவம்போலப் பார்த்துச் சொன்னார்: "தோட்டத்துல இருந்ததுல பெருசு அதான் அண்ணாச்சி. பெருசைத்தானே கொண்டாரணும்? இருக்கதைச் சொல்லித்தானே குடுக்கணும்?"

பேரத்துக்கு இறங்காத பொருத்தனை

போன பண்டிகைக்கு ஞானப்பூ பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லாதவள். அந்தப் பசுவின் மோரைத் தெருத்தெருவாய் விற்றுத்தான் அவளும் மகளும் சாப்பிட்டார்கள். மகளுக்குக் காய்ச்சல் கண்டு, நாக்கு உலர்ந்து, ஆளை அடையாளம் தெரியாமல் கிடந்தபோது, "பிள்ளை எழுந்து நடந்தால் பசு உமக்கு" என்று பொருத்தனை செய்திருக்கிறாள். பிள்ளை எழுந்து நடந்தது. பசுவுக்குப் பின்னாலேயே நடந்து கோயிலுக்கும் வந்தது.

நான் கயிற்றை வாங்கவில்லை. பசு சினை வேறே. பேரம் பேசியே பிழைத்தவன் அல்லவா, இதையும் பேசிக் குறைத்துவிடலாம் என்று பார்த்தேன். "ஏளா, ஆண்டவருக்குத் தொழுவமா இருக்கு? ஈனுனதும் முதல் நெய்யைக் கொண்டாந்து குடு. இல்லைன்னா கன்னைக் குடு. பசுவை விட்டுட்டு வயித்துக்கு என்ன செய்வே?" என்றேன். குருவானவரும் நெய் போதும் என்று தலையாட்டினார். அவள் கயிற்றை என் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டுச் சொன்னாள்: "சந்தையில நீங்க பேசுங்க அண்ணாச்சி, வேண்டாங்கல. அவர்கிட்ட நான் பேசி முடிச்சாச்சு."

நீர் பேசின பேச்சு

இனி உம்மிடம் வருகிறேன். பசுவை நீர்தான் கேட்டீர். சந்தை விலைக்கு மேலேயே கேட்டீர். பணத்தையும் அங்கேயே வைத்தீர். அதை நான் மறுக்கவில்லை. மூணு தரம் சொன்னது நான். சொன்னதும் நீர் சும்மா போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. காசு கொடுத்தார், மாட்டைக் கொண்டுபோனார் என்று விட்டிருப்பேன். நீரோ, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மரத்தடி மேட்டில் ஏறினீர். கூட்டம் அடங்கிற்று. ஞானப்பூவின் மகள் உம்மை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. நீர் பேசி முடித்ததும் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்; யாரோ ஸ்தோத்திரப் பாட்டை எடுத்தார்கள்; எதற்கும் மசியாத ராவுத்தர்கூட, "பெரிய மனசு" என்றார்.

நீர் பேசினது முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடம். நீர் மறந்திருந்தால் இதோ, ஒரு எழுத்துக் குறையாமல்: "இந்தப் பசுவை ஞானப்பூவுக்கே திரும்பக் குடுக்கேன். சினை மாடு, அவகிட்ட தீவனத்துக்கு வழியில்ல; ஈனுத வரைக்கும் எங்கிட்ட நல்லாத் திங்கட்டும். கன்னோட நானே ஓட்டிக்கிட்டுப் போய் அவ வாசல்ல கட்டுதேன்."

எழுதியா கொடுத்தீர்?

பசு ஈன்றது. கிடாரிக் கன்று. ஊருக்கே தெரியும். வாய்க்கால் கரையில் உம்மைப் பார்த்து, எப்போது ஓட்டப் போகிறீர் என்று கேட்டேன். கன்று கொஞ்சம் தேறட்டும் என்றீர். கன்று தேறி, துள்ளி, உம்முடைய வேலியைத் தாண்டி அடுத்தவர் பயிரை மேய்ந்து வம்பும் வாங்கிக் கொடுத்தாயிற்று. பிறகு ஆராதனை விட்டு வரும்போது கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டேன். நல்ல வேளையாக என் கையில் சந்தைக் கம்பு இல்லை. வேதபுத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிரித்தபடியே நீர் சொன்னது: "அன்னைக்கு ஒரு சந்தோஷத்துல சொன்னேன் வே. எழுதியா குடுத்தேன்?"

அவள் கேட்க மாட்டாள்

பழைய குருவானவர் இருந்திருந்தால் உம்மைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு இன்னும் ஆள் தெரியவில்லை. ஞானப்பூ இப்போது களை பறிக்கப் போகிறாள். மோர்ப்பானை இருந்த இடத்தில் அதே பிடி அரிசிப் பானை இருக்கிறது; அதில் இப்போதும் அரிசி விழுகிறது. அதைக் கண்டபோது யாரைத் திட்டுவதென்று தெரியாமல் புளியமரத்தைத் திட்டிக்கொண்டு வந்தேன். வயலுக்குப் போக உம்முடைய தெரு வழியாகத்தான் அவள் போக வேண்டும். தன் குரல் கேட்டால் பசு கத்துகிறதென்று வாயை மூடிக்கொண்டு போகிறாள்.

"நீயே போய் வாசல்ல நின்னு கேளு, நான் கூட வாரேன்" என்றேன். வெறும் பிடிவாதம் என்று நினைத்துக் கொஞ்சம் சத்தமும் போட்டேன். அவள் வீட்டு முற்றத்தில் மகள் கல் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பைய சொன்னாள்: "நான் கேக்க மாட்டேன் அண்ணாச்சி. குடுத்ததைக் கேட்டா, வாங்கினதையும் ஆண்டவர் திரும்பக் குடுக்கச் சொல்லிட்டா? அந்த மனுஷரா மனசு வந்து கொண்டாந்து விட்டா, அது ஆண்டவர் தந்தது. நானா கேட்டா, நான் திருடுனது."

மூன்றாம் தரம்

அவள் பேரால் நான் கேட்கவில்லை. என் பேரால் கேட்கிறேன். அந்த முற்றத்தில் என் தொண்டையை நம்பித்தான் சனங்கள் கையைத் தூக்குகிறார்கள். சேவலைத் திருப்பிக் கொடுத்தவர்களும், பூச்சி விழுந்ததை வாய்விட்டுச் சொன்னவரும், கலந்த அரிசியை வாங்கித் தின்கிறவர்களும் நின்ற அதே மண்ணில் நின்றுதான் நீரும் வாக்குச் சொன்னீர். அவர்களில் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வாய்க்கால் கரையில் கேட்டது ஒரு தரம். கோயில் வாசலில் கேட்டது ரெண்டு தரம். இந்த வருஷப் பண்டிகை வருகிறது. புளியமரத்தடியில் நான் வந்து நிற்பேன். ஆனால் ஞானப்பூ வீட்டு முளையில் பசுவும் கன்றும் கட்டிக் கிடப்பதைக் கண்ணால் கண்ட ஒருவர் வந்து சொல்லுகிறவரைக்கும் ஒரு கொத்துக் கீரையைக்கூடக் கையில் எடுக்க மாட்டேன். ஏன் ஏலம் தொடங்கவில்லை என்று சபை கேட்கும். அப்போது நான் முன் வரிசையைப் பார்ப்பேன்.

ஊரார் சரக்குக்கெல்லாம் விலை ஏற்றிக் கத்தியே தேய்ந்த தொண்டை இது, ஒரு மனிதர் தம் வாயால் சொன்ன சொல்லை விலை இறங்காமல் நிறுத்த மட்டும் போதவில்லை. மூன்றாம் தரம் சொல்ல வைக்காமல் ஓட்டிக்கொண்டு போய்க் கட்டும், வே!